சுக்கானும் சுங்கானும்

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் சுங்கான் செய்கிற ஆள் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. வேறொருவர் இருந்தால் கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள். சுங்கான் என்றால் புகையிலையை அடைத்து வாயில் வைத்துப் புகைக்கிற மரக் குழாய். இப்போதுள்ளவர்கள் பைப் என்கிறார்கள். பைப் என்றால் எனக்குத் தண்ணீர்க் குழாய்தான் நினைவுக்கு வரும்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கட்டில் காலும் கதிரைக் காலும் கடைந்து வீடு கட்டியவன். ஒரு நாள் பாய்ப்படகில் வந்த வெள்ளைக்காரர் ஒருவர் வாய்ப்பக்கம் உடைந்த சுங்கானைத் திருத்தித் தரச் சொல்லி விட்டுப் போனார். திருத்துவதற்கு முன் அதற்குள் ஒரு ஈர்க்கை விட்டுப் பார்த்தேன். மேலிருந்து ஒரு துளை, பக்கத்திலிருந்து ஒரு துளை, இரண்டும் அடியில் சந்திக்கின்றன. அவ்வளவுதான் வித்தை. ஆனால் நெல்மணி அளவு தவறினாலும் புகை வராது, எச்சில்தான் வரும். பதினொரு துண்டு மரத்தைப் பாழாக்கினேன். பன்னிரண்டாவது சரிவந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. வாய்ப்பக்கத்துக்கு எருமைக் கொம்பு போடலாம் என்று கண்டுபிடித்ததும் நான்தான்.

எனக்குப் பிடிபடாமல் இருந்தது மரம். முதிரையில் செய்தேன், தொண்டை அரித்தது. வேம்பு கசக்கும் என்று தெரியும், எவ்வளவு கசக்கும் என்று தெரியாதே, அதிலும் செய்தேன். கருங்காலி இரண்டாவது நெருப்பிலேயே வெடித்தது. விளா பரவாயில்லை, ஆனால் கையில் பிடிக்க முடியாத சூடு. நான் புகைப்பதில்லை. எனக்காகப் புகைத்துப் பார்க்கிறவர் லிங்கநகரில் இருக்கிற ஓய்வுபெற்ற துறைமுக எஞ்சினியர். ஒவ்வொரு தடவையும் சுங்கானை மேசையில் வைத்து, "சுடுது, ஓடாவியார்" என்று மட்டும் சொல்வார்.

ஓடாவியார் என்றுதான் ஊரில் என்னைக் கூப்பிடுவார்கள். உண்மையில் ஓடாவி என்றால் தோணியும் வீடும் கட்டுகிற தச்சன். நான் கடைசல்காரன். ஆனால் ஒரு பட்டம் தானாக வந்தால் வேண்டாம் என்று சொல்லுகிற ஆள் நான் இல்லை. வினை அங்கேதான் தொடங்கியது.

மாசி மாதம், கடல் அடங்கத் தொடங்கிய நேரம், குச்சவெளி பஸ் கொண்டக்டர் சாக்கில் சுற்றிய ஒரு பலகையைப் பட்டறை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். இடுப்பளவு உயரம், மூன்று விரல் தடிப்பு, ஒரு பக்கம் வளைவு. அதோடு கட்டியிருந்த கடதாசித் துண்டில் ஈரம் பட்ட பேனை எழுத்து. நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் தெரிந்தால் நடுவை நானே நிரப்பிக்கொள்வேன். இப்படி வாசித்தேன்: "சுங்கான் ஒண்டு வேணும். பழைய மரம் அனுப்பியிருக்கிறன். பாத்துச் செய்யுங்கோ. வள்ளம் மணலில கிடக்குது. வெள்ளிக்கிழமை வாறன்."

என்னுடைய பெயர் குச்சவெளி வரைக்கும் போய்விட்டது என்று சந்தோஷப்பட்டேன். வள்ளம் மணலில் கிடக்கிறது என்று ஏன் எழுதியிருக்கிறார் என்றும் யோசித்தேன். கடலுக்குப் போகாத மனிதனுக்குப் புகைக்க நேரம் இருக்கும்தானே.

பலகையை மோந்து பார்த்தேன். நக்கிப் பார்த்தேன். உப்பு. கண்ணைக் கட்டிவிட்டாலும் மரத்தின் பெயர் சொல்லுகிறவன் நான், எனக்கு அந்த மரம் எதுவென்று தெரியவில்லை. அந்த அரிப்பு என்னைச் சும்மா இருக்க விடவில்லை. வெட்டினேன். உள்ளே வைரம் கருப்பட்டி நிறம், இழை நெருக்கம். ஒன்பது கட்டையாக அறுத்து மூன்றில் சுங்கான் கடைந்தேன். ஒன்றில் மட்டும் கடல் அரித்த வெளிப்புறம் அழகாக இருந்ததால் அதைச் சீவாமல் அப்படியே விட்டேன்.

வியாழக்கிழமை எஞ்சினியர் இன்னொன்றைப் பற்றவைத்தார். கடைசிவரை இழுத்தார். பிறகு அந்தச் சுங்கானைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது சுடேல்ல, ஓடாவியார். என்ன மரம்?"

தொழில் இரகசியம் என்று சொல்லித் தப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை அந்த மனிதர் வந்தார். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும், வெயிலில் கறுத்த ஆள். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. மூன்று சுங்கானையும் துணியில் வரிசையாக வைத்து முன்னால் தள்ளினேன்.

"இதென்ன அண்ணை?"

"நீங்கள் கேட்ட சுங்கான். ஒண்டு கேட்டனீங்கள், மூண்டு செய்திருக்கிறன்."

அவர் துணியைப் பார்த்தார், மூலையில் கிடந்த ஆறு கட்டைகளைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். பிறகுதான் கதிரையில் இருந்தார்.

"நான் எழுதினது சுக்கான், அண்ணை. வள்ளத்தைத் திருப்புற சுக்கான்."

"பாத்துச் செய்யுங்கோ எண்டுதானே எழுதியிருக்கு?"

"ஓம். அதைப் பாத்து அதே மாதிரிச் செய்யச் சொன்னனான். அதைப் பாத்து அறுக்கச் சொல்லேல்ல."

துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். 'க்' ஈரத்தில் ஊறி 'ங்' மாதிரித்தான் நின்றது. ஆனால் உண்மையைச் சொன்னால், காய்ந்த எழுத்தாக இருந்திருந்தாலும் நான் சுங்கான் என்றுதான் வாசித்திருப்பேன்.

அவர் சத்தம் போடவில்லை. விஷயத்தை மட்டும் சொன்னார். அவருடையது சின்ன எஞ்சின் வைத்த மர வள்ளம், அது ஒன்றுதான் இருக்கிறது. சுக்கான் அடியில் வெடித்துவிட்டது. வள்ளத்தின் பின்பக்கம் நேராக இல்லாமல் ஒரு வளைவாக இருப்பதால் அந்த வளைவுக்குப் பொருந்துகிற சுக்கான்தான் பூட்டலாம், அதற்கு அந்தப் பழையதைத் தவிர வேறு மாதிரி இல்லை. மற்ற வள்ளங்கள் எல்லாம் இறங்கிவிட்டன. மூன்று வாரமாக அவர் இன்னொருவரின் வள்ளத்தில் வலை இழுக்கப் போகிறார். முப்பது வருடமாகத் தன் வள்ளத்தில் மட்டும் போன மனிதர். "அவன் வா எண்டாப் போகோணும், நில் எண்டா நிக்கோணும்" என்றார், சுங்கான் ஒன்றை எடுத்து அதன் அடியைத் தடவிக்கொண்டு.

நான் சுக்கான் செய்ததே இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. "ஞாயிற்றுக்கிழமை உங்கட வாசலுக்கு வாறன்" என்றேன்.

சொன்னபடி போனேன். ஆறு கட்டை, மூன்று சுங்கான், வாய்ச்சி, சீவுளி எல்லாம் ஒரு சாக்கில். கொண்டக்டர் இந்த முறை என்னத்தை அறுத்தீர்கள் என்று கேட்டார். கதை எனக்கு முந்தி பஸ்ஸில் ஏறியிருந்தது.

கரையில் வள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கதவை விரித்து அதன்மேல் கட்டைகளை அடுக்கினேன். இழை இழையோடு சேர வேண்டும், அது எனக்குக் கண் மூடிக்கொண்டு வரும். ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் வாள் கொஞ்சம் மரத்தைத் தின்றிருக்கும். அந்த இடைவெளிக்கு ஈர்க்குத் துண்டுகள் வைத்தேன். சுங்கான்களாகப் போன மூன்றில் இரண்டு நடுத் துண்டுகள், அவை இல்லாமல் சமாளிக்கலாம். மூன்றாவது வளைவின் ஓரம். அங்கேதான் பின்பக்கத்தோடு பொருந்த வேண்டும். நான் சீவாமல் விட்ட அந்தச் சுங்கானை எடுத்து இடைவெளியில் நிறுத்தினேன். கடல் அரித்த ஓரம் மேல் கட்டையிலிருந்து கீழ்க் கட்டைக்குக் கோடு முறியாமல் போனது. அழகைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அழகு எப்படி உதவுகிறது பாருங்கள்.

வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி சிரிப்பை அடக்கவில்லை.

"இனி எங்கட வள்ளம் புகை குடிச்சுக்கொண்டு போகும்போல. நல்ல காலம் அண்ணை, இவர் எஞ்சினை அனுப்பேல்ல."

பேச்சைத் திருப்ப, இது என்ன மரம், வெளிநாட்டு மரமோ என்று கேட்டேன்.

"பூவரசு" என்றார் வள்ளக்காரர். "எங்கட வேலியில நிண்டது. மிச்சம் குசினிக்குப் பின்னால கிடக்குது."

அதன் இலையில் பீப்பீ செய்து ஊதாத பிள்ளை இந்தப் பக்கத்தில் உண்டா? வாயில் வைக்கிற பொருளுக்கு மரம் தேடி முதிரை, கருங்காலி என்று அலைந்தவன் நான். வேலி மரம் என்று அதை ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

குசினிக்குப் பின்னால் கிடந்த அடிமரத்தை அறுத்து, கதவில் அடுக்கியதிலிருந்து கோடு எடுத்து, வாய்ச்சியால் செதுக்கினேன். இரண்டு நாள் அங்கேயே தங்கினேன். மூன்று தடவை வள்ளத்தில் வைத்துப் பார்த்தேன், மூன்று தடவையும் ஏதோ ஓரிடம் தட்டியது, சீவினேன். நாலாவது தடவை சுக்கான் பூட்டுகிற பழைய இரும்புகளில் போய் உட்கார்ந்தது.

செவ்வாய்க்கிழமை காலை வள்ளத்தைத் தள்ளினோம். நான் முழங்கால் தண்ணீரில் நின்றேன். அவர் நேரே போனார். வலப்பக்கம் திரும்பினார், இடப்பக்கம் திரும்பினார். ஒரு பெரிய வட்டம் அடித்துக்கொண்டு கரைக்கு வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கொஞ்சம் இடப்பக்கம் இழுக்குது, அண்ணை."

நான் சீவுளியை எடுக்கக் கரைக்குத் திரும்பினேன். அப்போது அவருடைய மனைவி கரையிலிருந்து சொன்னார்:

"பழசும் இழுத்ததுதானே. முப்பது வருசமா அதைத்தானே சொல்லிக்கொண்டு திரியிறீங்கள்."

அவர் சிரித்தார். அன்று பின்னேரமே தன் வலையைத் தன் வள்ளத்தில் ஏற்றினார். பழைய சுக்கான் இழுத்ததைக்கூட விடாமல் படி எடுத்த தச்சன் வேறு யார் இருக்கிறான்?

புதுப் பூவரசில் விழுந்த துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து ஒரு சுங்கான் செய்தேன். அதே மரம், அதே வைரம், அதே கை. எஞ்சினியர் பாதியில் மேசையில் வைத்துவிட்டார். சுடுகிறதாம். அப்படியென்றால் உப்பா? முப்பது வருடத் தண்ணீரா? சூடு எங்கே போகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பட்டறைக்குப் பின்னால், இறங்குதுறைக் காலில், பூவரசங் கட்டை ஐந்தைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் விட்டிருக்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவை இழுத்து எடுத்து நக்கிப் பார்க்கிறேன்.

அன்று குச்சவெளியில் நான் பஸ் ஏறும்போது வள்ளக்காரர் சாக்கைத் தூக்கித் தந்துவிட்டுச் சொன்னார்: "இந்தச் சுக்கான் பழசானா உங்களுக்குத்தான், அண்ணை. ஆனா எழுதி அனுப்பமாட்டன். நானே கொண்டு வாறன்."

எனக்கு எழுபத்திரண்டு வயது. அந்தச் சுக்கான் பழசாக இன்னொரு முப்பது வருடம் ஆகும். கொண்டு வரட்டும், நான் பட்டறையில்தான் இருப்பேன்.