அட்டைக்கு வைத்த உப்பு

மழைக்காலத்தில் எங்கள் மலையில் அட்டை முழங்கால் வரை ஏறும். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒரு துணியில் உப்பை முடிந்து இடுப்பில் சொருகிக்கொண்டு போவார்கள். அட்டை கடித்த இடத்தில் அந்த முடிச்சை ஒற்றினால் அது சுருண்டு விழும். என் மனைவி அந்த உப்பைத் தின்னத் தொடங்கினாள்.

"பாருங்கடி, அட்டைக்குப் பட்டினி, இவளுக்கு விருந்து" என்று செடி நிரையில் கூடப் பறித்தவர்கள் கேலி செய்தார்கள்.

"அட்டைக்குத்தான் என் ரத்தம் இருக்கே, உப்பு எனக்கு இருக்கட்டும்" என்றாள் அவள்.

அந்த வருடமே அவள் கறுத்தாள், மெலிந்தாள். காலையில் எழுந்தவுடன் தலை சுற்றி, நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கங்காணி, "ஏம்மா, கொழுந்து பறிக்க வந்தியா, செடிக்கு முட்டுக் குடுக்க வந்தியா?" என்று கேட்டார். சோம்பேறி என்ற பட்டம் மலை முழுவதும் பரவியது.

எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் மாதம் ஒருநாள் பிரஷர் பார்ப்பார்கள். அதற்கு ஸ்கிரீனிங் என்று பெரிய பெயர் வேறு. வாங்குப் பலகையில் உட்கார வைத்து, கையில் பட்டியைச் சுற்றி, காற்றடித்து, துண்டுக் காகிதத்தில் ஒரு எண்ணை எழுதுவார்கள். எண் கூடியவர்களுக்குத் திட்டு விழும். குறைந்தவர்களை அடுத்த நிமிடமே எழுப்பி விடுவார்கள். டிஸ்பென்சரிக்காரர் எண்ணைத் தவிர எதையும் பார்த்ததில்லை. என் மனைவியையும் மாதாமாதம் கூட்டிப்போனேன்; அவளுக்கு முகம் ஒன்று இருந்தது அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

"பிரஷர் கொறைவு. நல்லதுதானே" என்றார்.

"கறுத்துக்கிட்டே போறா ஐயா" என்றேன். அதைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் பிடித்திருந்தது.

"வெயில்ல நிக்கிறவ வெள்ளையாவா ஆவா?"

வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்களைவிட என்னைத்தான் அதிகம் வெறுக்கிறேன்.

"உப்பு வேற திங்கிறா."

"அதான் கேடு. உப்ப நிப்பாட்டு."

உப்பைக் குறைக்கச் சொல்லும் படம் ஒன்று அவர் தலைக்கு மேல் தொங்கியது. யார் வந்தாலும் அந்தப் படம்தான் வைத்தியம். நானும் பெரிய விசுவாசி போல உப்புப் போத்தலை ஒளித்து வைத்தேன். அட்டை மேல் தேய்க்க ஒரு சவர்க்காரக் கட்டியைக் கொடுத்தனுப்பினேன்.

"என்னங்க, ஒரு கல்லு உப்பு குடுங்க" என்று கெஞ்சினாள்.

"டாக்டர் ஐயா வேணாம்னாரு" என்றேன்.

நான்காம் நாள் வாந்தியெடுத்து மலையிலேயே விழுந்தாள். கொழுந்து லொறியில் ஏற்றி இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே ஒரு இளம் சிங்கள டாக்டர் அம்மா முதலில் அவள் முகத்தைப் பார்த்தார். உள்ளங்கையை விரித்து ரேகைகளைப் பார்த்தார். அவை கரி பூசியதுபோல் இருந்தன. உள்ளங்கையில் எந்த வெயில் படும்? உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். பிறகு என்னிடம் சிங்களத்தில், "இவர் உப்பு அதிகம் கேட்பாரா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சிறுநீரகத்தின் மேல் உள்ள சுரப்பி வேலை செய்வதை நிறுத்திவிட்டதாம். அபூர்வமான நோயாம். ஆயுள் முழுவதும் மாத்திரை போட வேண்டும், அவளுக்கு உப்பை நிறுத்தவே கூடாது, இன்னும் ஒருநாள் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார். மாத்திரை அளவு சரியா என்று அறிய, மாதம்தோறும் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்த்து, இரண்டு எண்களையும் கொப்பியில் எழுதிவரச் சொன்னார். எழுந்து நின்றதும் பிரஷர் விழுந்தால் மாத்திரை போதவில்லை என்று அர்த்தமாம். அதற்குப் புது மெஷின் வேண்டாம். ஒரு வாங்கும், ஒரு ஆள் எழுந்து நிற்கும் நேரமும் போதும்.

"அபூர்வ நோய்ப்பா, யாரு கண்டா?" என்றார் டிஸ்பென்சரிக்காரர், அடுத்த மாதம் நாங்கள் கொப்பியோடு போனபோது. கொப்பியை வாங்கி, வாங்கில் அவளைப் படுக்க வைத்து ஒரு எண்ணை எழுதினார். பட்டியைக் கழற்றக் கையை நீட்டினார்.

அவள் கையை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அடுத்த ஆளு வரட்டும்" என்றார்.

"நின்னும் பாக்கணும்" என்றாள் அவள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கதவை மறித்து நின்றேன். எனக்குப் பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"எழுதுங்க ஐயா" என்றேன். இந்த முறை நான் சிரிக்கவில்லை. அவர் மறுபடியும் காற்றடித்தார்.