லோஞ்சிலை உருண்ட அர்ச்சனைத் தேங்காய்

இண்டைக்கு நயினாதீவுக் கோயிலுக்குப் போற லோஞ்சுப் படகிலை, என்ர அக்காவின்ர மகளுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளையைத் தற்செயலாச் சந்திச்சம்.

தற்செயலாச் சந்திக்க வேணும் எண்டு நேற்றே தந்தி வந்திட்டுது.

பெடியன் கொழும்பிலை, மேசையிலை பந்தைக் கோலாலை தட்டிக் குழிக்குள்ள விழுத்திற ஸ்னூக்கர் விளையாடுறவராம். அதுதான் உத்தியோகமுமாம். எனக்கு அப்பவே மனதுக்குள்ள ஒரு மாதிரித்தான்.

"பந்து குழிக்குள்ள விழாட்டி என்ன செய்வீர், தம்பி?" எண்டு கேட்டனான்.

"கதிரையிலை போய் இருப்பன், அக்கா. மற்ற ஆள் பிழை விடுமட்டும் பேசாமல் இருக்கத் தெரிய வேணும். அதுதான் பாதி விளையாட்டு."

நடுக்கடலிலை ஒரு அலை தூக்கிப் போட, எங்கட அர்ச்சனைத் தேங்காய் கூடையிலையிருந்து உருண்டிட்டுது. நானும் பெட்டையின்ர தேப்பன், எங்கட அத்தானும் சனத்தின்ர காலுகளுக்குள்ளாலை விழுந்தெழும்பித் துரத்திறம். இவர் இருந்த இடத்தை விட்டு அசையேல்லை. தேங்காய் அந்தப் பக்கப் பலகையிலை முட்டி, இந்தப் பக்கப் பலகையிலை முட்டித் தன்னட்டை வர, குனிஞ்சு ஒரு கையாலை எடுத்து நீட்டினார்.

அத்தானுக்கு அந்த இடத்திலையே ஆளைப் பிடிச்சுப் போச்சு. "என்ன நிதானம்! பெடியன் பெரிய ஆளா வருவான், இருந்து பாரும்."

பெட்டை கடலைப் பாத்துச் சிரிக்கிறாள்.

எனக்கெண்டால் இன்னும் மனம் ஒப்பேல்லை. பொம்பிளைப் பிள்ளையளைப் பெத்தவை சொல்லுங்கோ: நாளைக்கு இவள் கோவிச்சுக்கொண்டு தாய் வீட்டை வந்தாலும், அங்கை முட்டி இங்கை முட்டித் தானா வருவாள் எண்டு உந்த மனுசன் கதிரையிலை இருப்பாரோ?