வட்டையும் வேட்டையும்

நவீன நாவல் என்று யார் பேசினாலும் முதலில் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். எங்கள் ஊரான கல்லடியில் அவரைச் சண்டைக்காரர் என்றே தெரியும். அட்டைப்படம் பிடிக்கவில்லை என்று ஒரு நாவலை அச்சகத்திலிருந்தே திருப்பி எடுத்தவர். அவர் கதையில் முதல் பக்கத்தில் செத்தவர் மூன்றாம் அத்தியாயத்தில் தேநீர் குடிப்பார். கேட்டால், "விளங்காட்டி பேப்பர் வாசியும்" என்பார். கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், முப்பது வருடம் சுற்றறிக்கை வாசித்த எனக்கு அவர் எழுத்து கடினமாகத் தெரியவில்லை.

அதனால்தான், கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு, கடைசி நாவலின் அச்சுப்படியை வாசித்துக் காட்ட என்னை அழைத்தார். அன்று மாலை நான்கு மணிக்கு அச்சுக்குப் போகும் என்று சென்னைப் பதிப்பாளர் சொல்லியிருந்தார்.

பன்னிரண்டாம் பக்கத்தில் "அப்பா வேட்டைக்குப் போனார்" என்றிருந்தது. அவர் எழுதியது வட்டைக்கு. எங்களுக்கு வட்டை என்றால் வயல்வெளி. சென்னையில் யாரோ கொம்பு விடுபட்டதென்று நினைத்து, இரக்கப்பட்டுப் புத்தகம் முழுக்கப் போட்டுவிட்டார்.

அவருடைய அப்பா, யுத்த காலத்தில், வவுணதீவு வட்டைக்குப் போய்த் திரும்பாதவர். 'ஆயுதம் வைத்திருந்திருக்கலாம்' என்று அவரைப் பற்றிய அரசாங்கக் கோப்பில் ஒரு வரி உண்டு. அதை நீக்கக் கோரி நான் எழுதிக் கொடுத்த மேன்முறையீடுகள் ஒழுங்காகப் பதியப்பட்டு, ஒழுங்காகக் கிடப்பில் கிடக்கின்றன. இந்த நாவலில்தான் அந்த மனிதர் மண்வெட்டியோடு போகிறார்.

நான் "வட்டைக்கு" என்றே வாசித்தேன்.

"என்னகா, இடறுறீர்?"

"ஒண்டுமில்ல. எழுத்து சின்னன்."

"பொய் சொல்லத் தெரியாம எப்பிடிக் கச்சேரியில இருந்தீர்? உள்ளத வாசியும்."

வாசித்தேன். 'வேட்டைக்கு' என்றது காதில் விழுந்ததும் அவர் எழுந்துவிட்டார். மணி இரண்டரை. இருவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் பதிப்பாளரை அழைத்தேன்.

"பிழைதிருத்தம்னு கடைசியில ஒரு பக்கம் சேர்த்துடலாம் சார்."

"அப்பாட கையில துவக்கக் குடுத்துப்போட்டு, கடைசிப் பக்கத்தில வந்து வாங்குவீங்களா? புத்தகமே வேணாம். நிப்பாட்டுங்க!" என்று அவர் போனைப் பார்த்துக் கத்தினார்.

"கோபப்படாதீங்க சார். கம்ப்யூட்டர்ல ஒரே அடியா மாத்திடறேன்."

நான் குறுக்கிட்டேன். நாவலில் மாமா உண்மையாகவே மான் வேட்டைக்குப் போகிறார். ஒரே அடியாக மாற்றினால் அவர் துவக்கோடு வயலில் நிற்பார். ஒவ்வொன்றாகத்தான் திருத்த வேண்டும். நான்கு மணிக்குள் பக்கமும் வரியும் வந்தால் பார்க்கலாம் என்றார் பதிப்பாளர்.

வாசித்தேன், குறித்தேன், வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். என் தொண்டை வறண்டபோதும் அவர் தண்ணீர் குடிக்க விடவில்லை. "மாமாவா, அப்பாவா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கடைசிப் பக்கம் திருத்தப்பட்டுப் படமாக வந்தது.

"வாசியும்."

"அப்பா வட்டையிலிருந்து வரவில்லை"

அவர் உட்கார்ந்தார். எனக்கு இன்னொரு பிழை தட்டுப்பட்டது.

"கடைசி வரிக்கு முற்றுப்புள்ளி இல்ல. அதையும் அனுப்பவா?"

"வேணாம்" என்றார். "ஆள் இன்னும் வரல்லயே."