பல் டாக்டர் நாற்காலியில் ஐந்தருவி

சொத்தைப் பல்லை அடைக்க, என் நான்கு வயது மகளைத் தென்காசியில் குழந்தைகளுக்கான பல் டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தேன். நாற்காலியில் ஏறியவள் வாயைத் திறக்கவே இல்லை.

"பயப்படாதட்டி, ஒண்ணும் செய்ய மாட்டாங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்குத்தான் தொண்டை வறண்டது.

டாக்டரம்மா கையிலிருந்த, பல் பார்க்கும் கண்ணாடியைக் கீழே வைத்தார். "ஏட்டி, குத்தாலத்துல குளிச்சிருக்கியா? தண்ணி தலையில விழும்போது எப்படிக் கத்துவ?"

மகள் என் கையை இறுகப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, "ஆ..." என்று கத்தினாள். கடைவாய்ப் பல்வரை தெரிந்தது.

அந்தப் பிடி எனக்குத் தெரியும். சிறுவயதில் ஐந்தருவிக்கு அடியில் அப்பாவின் கையை நானும் அப்படித்தான் பிடித்துக்கொள்வேன். பயப்படாதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கையை மட்டும் விடமாட்டார்.

டாக்டரம்மா பல்லை அடைத்து முடிக்கும்வரை நானும் மகளின் கையை விடவில்லை.