கோவிந்தம்மாள் மலையேறிய கார்த்திகை

கோவிந்தம்மாள் வாயைத் திறந்து திட்டினால் மயிலத்து மயில்கள் திண்டிவனம் வரை பறக்கும். அந்த வாயையே எண்பத்திரண்டாம் வருஷக் கார்த்திகை தீபத்தன்று ஒருவன் கட்டிப்போட்டான். அவள் தம்பி சுப்பராயலு, விழுப்புரத்தில் ஆபீஸ் பியூன். ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தான். மாலை போட்டவனைத் திட்டக்கூடாது. 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும்.

மாலை போட்டவன் செருப்பும் போடமாட்டான். ஏற வேண்டியதோ கள்ளிமலை. ஐப்பசி மழை ஏமாற்றியதில் புல் பூண்டெல்லாம் கருகி, வெறும் பாறையும் இடுக்கெல்லாம் சப்பாத்திக்கள்ளியுமாகக் கிடந்தது. ஒரு முள்ளைப் பிடுங்கினால் அதன் பங்காளிகள் நாலு பேர் வந்து ஏறிக்கொள்வார்கள்.

"அக்கா, நில்லுங்க. கால்ல முள்ளு."

"இது எத்தினியாவது முள்ளு சாமி?"

"எண்ணிக்கினா வர்றேன்?"

"ஒன்ன..." என்று தொடங்கியவள் மீதியை விழுங்கி, "ஐயப்பன் காப்பாத்தட்டும் சாமி" என்று முடித்தாள். நெஞ்சு எரிந்தது.

மலையுச்சியில் தீபம் ஏற்றுவது அவள் புருஷன் வீட்டு முறை. அது எரிந்த பிறகுதான் ஊரில் அகல் ஏற்றுவார்கள். முப்பது வருஷமாக அவள் கூடையை நிரப்பிக் கொடுப்பாள். புருஷன் விருத்தாசலம் மலையேறி விளக்கேற்றிவிட்டு வருவார். மாசத்துக்கு நாலு தரம் கள்ளி வெட்டப் போகிறேன் என்றும் ஏறுவார். கள்ளி என்னவோ குறைந்ததே இல்லை. போன வருஷம் மாசியில் அவர் போய்ச் சேர்ந்தார். தீட்டென்று அந்தக் கார்த்திகைக்கு மலை இருண்டு கிடந்தது.

இந்த வருஷம் பங்காளி சீனுவாசன் கோயில் வாசலிலேயே கேட்டான்: "தாலியில்லாத பொம்பள ஏத்தறதா? முறை எங்க வூட்டுக்கு வரட்டும்."

"பொழுது சாயறதுக்குள்ள எரியலன்னா நீயே வச்சிக்கினு போ" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டாள். அதற்குத்தான் இந்த ஏற்றம். எண்ணெய்க் குடம் தூக்கத்தான் இந்தச் சாமி.

பதினேழு முள் பிடுங்கி, உச்சிக்கு வந்தபோது சூரியன் பனைமர உயரத்தில் நின்றது. பாறைக்குழியில் எண்ணெயை ஊற்றினாள். பழைய வேட்டித் திரியை நனைத்து நிறுத்தினாள். சூடம் வைத்தாள்.

"தீப்பெட்டி குடுங்க சாமி."

"ஏது தீப்பெட்டி? மால போட்டதும் பீடிய வுட்டுட்டேன் இல்ல? அப்பறம் தீப்பெட்டி எதுக்கு? நீங்க எடுத்தாரலயா?"

கோவிந்தம்மாள் கூடையைக் கவிழ்த்தாள். நெய், தேங்காய், பொரி, வெல்லம். முப்பது வருஷத்தில் ஒருநாளும் அவள் தீப்பெட்டி வைத்ததில்லை. அது புருஷன் மடியில் பீடிக்கட்டோடு கிடக்கும் சாமான்.

கீழே ஊர் எறும்பு எறும்பாகக் கூடியிருந்தது.

"எறங்கி ஓடட்டுமா அக்கா?"

"முள்ளுக்கு முள்ளு நின்னு, தை மாசம் திரும்பி வருவீங்களா சாமி?"

தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். சூரியன் பாதி இறங்கியது. திடீரென்று அவள் நெற்றி சுருங்கியது. எழுபத்தெட்டில் இருமல் வந்தபோது, பீடியைத் தொடமாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார் அந்த மனுஷன். அதற்கப்புறமும் மூன்று கார்த்திகைக்கு விளக்கு எரிந்ததே. எதைக்கொண்டு?

"அடப்பாவி மனுசா!"

எழுந்து இடுக்கு இடுக்காகத் துழாவினாள். கள்ளி கையைக் கிழித்தது. நாலாவது இடுக்கில், கல்லுக்குப் பின்னால், இறுக மூடிய பால்பவுடர் டப்பா. உள்ளே இரண்டு கட்டு பீடி, ஒரு தீப்பெட்டி.

"கள்ளி வெட்டப் போறேன், கள்ளி வெட்டப் போறேன்னு இங்க வந்து ஊதிக்கினு இருந்தியா? எந்தலையில அடிச்ச கைதானே அது!" மாலை போடாத ஆள் கிடைத்துவிட்டதால், காலையிலிருந்து விழுங்கியதையெல்லாம் அவர்மேலேயே கொட்டினாள். திட்டிக்கொண்டே கிழித்தாள். முதல் குச்சி மருந்து உதிர்ந்தது. இரண்டாவது பிடித்தது.

கீழிருந்து அரோகரா கேட்டது. ஒவ்வொரு வீடாக அகல் முளைத்தது. அந்த வெளிச்சத்தைக் கைகாட்டி விளக்கு என்று நினைத்து விழுப்புரத்தில் ஒரு ரயிலே நின்றுபோனதாகப் பேச்சு. நின்றாலும் நின்றிருக்கும்.

"அக்கா, அந்தப் பீடிக்கட்டு..."

"மால போட்டிருக்கீங்க சாமி."

தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டாள். பீடியை நெருப்பில் எறியக் கையை ஓங்கியவள், என்ன நினைத்தாளோ, டப்பாவில் போட்டு மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"கெடக்கட்டும். அடுத்த வருசம் வந்து திட்டறதுக்கு ஆவும்."