பேர் தெரியாத ஒன்பதாயிரம் ஸ்கேன்கள்

திருக்கோகர்ணத்தில் ஒரு ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டர்களைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்பவள் பிரகதீஸ்வரி. சேர்ந்த புதிதில் பிரிண்டருக்குத் தாள் போடுகிற பெண் என்றே டாக்டர்கள் நினைத்திருந்தார்கள். இப்போது எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள்.

ஒரு வருடம் தாண்டிய ஸ்கேன்கள் அங்கே பேக்கப் சர்வரில் மட்டும்தான் இருக்கும். விண்டோஸில் ஓடிய அந்த சர்வர் அடிக்கடி நின்றுபோனது. புதிதாக ஒன்று வாங்கி லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றலாம் என்று சொன்னதும், இரண்டு வாரத்தில் மாற்றி முடித்ததும் அவளே. ஐந்தாறு ஸ்கேன்களைத் திறந்து பார்த்தாள், எல்லாம் வந்தன. அவை அந்த மாதத்தில் எடுத்தவை, ஸ்கேன் மெஷினிலிருந்தே பெயரோடு வந்தவை என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. பழைய டிஸ்க்குகளைத் தன் கையாலேயே அழித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை மீமிசலிலிருந்து உண்ணாமலை வந்தாள். மீன் விற்பவள். மூன்று வருடத்துக்கு முன் இங்கே எடுத்த ஸ்கேனில் அவள் தலைக்குள் சின்னக் கட்டி ஒன்று தெரிந்திருந்தது. இப்போது மறுபடியும் தலைவலி; புதிதாக ஒரு ஸ்கேனும் எடுத்தாயிற்று. கையிலிருந்த பழைய படம் மழைத்தண்ணீரில் போய்விட்டது.

"பழைய படத்தை எடுங்க பிரகதீஸ்வரி," என்றார் டாக்டர் ஞானமணி. "கட்டி வளந்திருக்கான்னு பாத்தாத்தான் ஆபரேஷனா மாத்திரையான்னு சொல்ல முடியும்."

தேடினாள். அந்தப் பெயரே இல்லை. ஒன்பதாயிரம் பழைய ஸ்கேன்களும் வெறும் எண்களாக வந்து கிடந்தன. எந்த எண் யாருடையது என்கிற பட்டியல் பழைய மென்பொருளுக்குள் இருந்தது. லினக்ஸ் அதைப் படிக்கவில்லை; எடுத்துவரவும் இல்லை. இப்போது அது எங்கேயும் கிடையாது.

"டிஸ்க் போயிருச்சுன்னு சொல்லிருங்க, யாரு கேக்கப் போறா?" என்றார் மேனேஜர் குணசேகரன்.

"டிஸ்க் போகல சார். நாந்தான் அழிச்சேன்."

உண்ணாமலையிடமும் அவளே போய்ச் சொன்னாள். "படம் இருக்குதுக்கா. எதுக்குள்ள இருக்குன்னுதான் தெரியல. தப்பு எம்மேலதான். தேடித் தாரேன்."

"எப்பம்மா தருவீங்க? எனக்கு எடது கண்ணு மங்கிக்கிட்டே வருதே."

அவள் நேரே போய் முதல் எண்ணைத் திறந்தாள்.

ஒவ்வொரு ஸ்கேனையும் விரித்து உள்ளே இருக்கும் பெயரைப் படிக்கவே இரண்டு நிமிடம் ஆனது. எல்லாவற்றிலும் காப்பி செய்த தேதிதான் விழுந்திருந்ததால் வருடம் பார்த்துத் தேடவும் வழியில்லை. சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது. வியாழக்கிழமை மத்தியானம், அறுநூற்றுச் சொச்சமாவது ஸ்கேனில், உண்ணாமலை என்ற பெயர் வந்தது.

புதுப் படத்தோடு வைத்துப் பார்த்தபோது கட்டி இரண்டு மடங்காகியிருந்தது. அன்றைக்கே தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இடது கண் பார்வை மட்டும் திரும்பவில்லை.

"நாலு நாள்ல ஒண்ணும் மாறியிருக்காதும்மா," என்றார் டாக்டர். அதை நம்ப அவள் எவ்வளவோ முயன்றாள். முடியவில்லை.

நடந்ததை ஒளிக்காமல் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தாள். வேலை போகவில்லை. தினமும் இரண்டு மணி நேரம் ஸ்கேன்களைத் திறந்து பெயர் எழுதுகிறாள். இன்னும் ஆறாயிரத்துக்கு மேல் இருக்கிறது. பழைய படம் வேண்டும் என்று வரவேற்பிலிருந்து போன் வந்தால், அந்தப் பெயர் தான் எழுதி முடித்தவற்றில் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறாள்.