பலகையில் ஒட்டிய ஆதரவு

நாடாளுமன்றத் தேர்தல் நேரம். லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்த என் கடையின் கண்ணாடியை யாரோ உடைத்து சிகரெட்டுகளை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். பலமுறை தொலைபேசியில் அழைத்தும் பொலிஸ் எட்டிப் பார்க்கவில்லை. உடைந்த இடத்தில் பலகை அடித்து வியாபாரம் செய்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவர் வந்தார். அறுபது வயதிருக்கும். வெயிலிலும் கோட்டு, டை. பேசத் தொடங்குமுன் டையின் முடிச்சை ஒருதரம் இறுக்கிக்கொள்வார்.

"தம்பி, ஓய்வுபெற்ற பொலிஸ்காரரின்ரை சங்கமே எங்கட வேட்பாளரைத்தான் ஆதரிக்குது. இந்தப் போஸ்டரை அந்தப் பலகையில ஒட்டட்டோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தப் பலகை ஏன் நிக்குது எண்டு தெரியுமோ அண்ணை? கள்ளன் வந்திட்டுப் போட்டான், பொலிஸ் இன்னும் வரேல்லை. அவையின்ரை ஆதரவை வைச்சு நான் என்ன செய்யிறது?"

முடிச்சை இறுக்கினார். "அதுக்குத்தான் தம்பி, இவர் வெண்டால் வருவினம்."

"அப்ப இவ்வளவு நாளும் ஏன் சம்பளம் எடுக்கினம்?"

 அவர் குரலைத் தாழ்த்தினார். "என்ரை வீட்டையும் உடைச்சவங்கள். மனிசியின்ரை தாலிக்கொடியும் களவு போயிட்டுது. எனக்கும் ஒருத்தரும் வரேல்லை."

"பிறகேன் இதைக் காவிக்கொண்டு திரியிறியள்?"

"பொலிஸை விட்டால் வேற ஆரிட்டைப் போறது, தம்பி?"

திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. "ஒட்டுங்கோ" என்றேன். சுருக்கம் விழாமல் ஒட்டிவிட்டு, நன்றி சொல்லிப் போனார்.

அவருடைய வேட்பாளர் வென்றார். பொலிஸ் வரவில்லை, கண்ணாடியை நானே போட்டேன். அந்த மனிதரை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. ஆனாலும் அடுத்த முறை கண்ணாடி உடைந்தால் நானும் பொலிஸைத்தான் அழைப்பேன்.